உத்தியோகம் தேடும் வாலிபர்களுக்குச் சில வார்த்தைகள்

(விஸ்வநத்தத்தில் நமது உறவின்முறையார் கூட்டிய வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



உத்தியோகம் தேடுவதில் நம்மவர்கள் செய்யும் பிழைகள் யாவை, அவற்றை விலக்கிக் கொள்வது எவ்வாறு என்பதே இன்று நமக்குக் குறிக்கப்பட்ட விஷயம். கலாசாலைகளில் பேசுவதற்கு வேறு அறிஞர்கள் உண்டு. நாம் இவ்வூரில் பல வருஷங்களாகப் பிள்ளைகளின் மனுக்களை எழுதிக் கொடுத்தும், சிபார்சுக் கடிதங்களில் கையொப்பமிட்டும் வந்தவர்கள். ஆகவே புஸ்தகத்தில் படித்ததைவிடக் கண்ணால் கண்டதையே மிகுதியும் சொல்லப் போகிறோம். அவற்றுள் நாமே செய்த பிழையும் ஒன்று உண்டு. அதனையும் மறைக்காமல் சொல்வோம்.

முதலில் காலத்தின் நிலைமையைக் கவனிப்போம். நமது வட்டாரத்தின் ஜீவனம் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களைப் பற்றி நிற்பது. 2018-ம் வருஷம் அக்டோபர் மாதம் உச்சநீதிமன்றத்தார் பசுமைப் பட்டாசுகளே செய்யப்பட வேண்டும் என்றும், பேரியம் உப்பும் சரவெடியும் கூடாவென்றும் தீர்ப்பளித்தனர். அதன்பின் நவம்பர் முதல் சில மாதங்கள் ஆலைகள் அடைபட்டுக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு அடுத்தாற்போல் 2020-ல் கொள்ளை நோய் வந்தது. தீபாவளி கழிந்தால் சில வாரங்கள் வேலையில்லை என்பது பழைய வழக்கம். எந்த மாதத்தில் வேலை நிற்கும் என்று சொல்ல முடியாதென்பது புதிய கவலை.

சர்க்கார் உத்தியோகத்தின் நிலைமையோ இதனினும் நெருக்கடியானது. 2024-ம் வருஷம் ஜூன் மாதம் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தார் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் மனுச் செய்தனர். அறிவித்தபோது இருந்த இடங்கள் 6,244. பின்னர் இடங்கள் கூட்டப்பட்டன. கூட்டிய பின்னரும் ஓர் இடத்திற்கு இருநூறு பேருக்குக் குறையாமல் நின்றனர். இவ்வாறு கதவு குறுகியும் கூட்டம் பெருகியும் இருக்கும் காலத்தில், தேடுகிறவன் செய்யும் சிறு பிழையும் பெரும் நஷ்டமாய் முடிகின்றது.

நிற்க. பிழைகளுள் முதலாவதாக நாம் கருதுவது, "எந்த வேலையானாலும் சரி" என்று சொல்லிக்கொண்டு போவதாம். நம் பிள்ளைகள் இதனைப் பணிவென்று எண்ணுகின்றனர். வேலை கொடுப்பவர் காதிலோ, "எனக்கு எந்த வேலையும் தெரியாது" என்றே இது விழுகின்றது. அவருக்குத் தேவையானவன், ஆப்செட் இயந்திரம் ஓட்டத் தெரிந்தவன். அல்லது டை கட்டிங், லேமினேஷன், பைண்டிங் தெரிந்தவன். அல்லது சரக்கு வரி ரசீதும் கணக்கும் எழுதத் தெரிந்தவன். இன்ன காரியம் என்னால் ஆகும், இன்னது இன்னும் கற்க வேண்டும் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தெரியாதவன், பத்துப் பட்டங்கள் பெற்றிருப்பினும் வாசற்படியிலேயே நிற்பான்.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டிகள் வெளியூரில் இல்லை, பக்கத்திலேயே இருக்கின்றனர். மழை பொய்த்த இந்தக் கரிசற்பூமியில் ஜீவனத்திற்கு வழி தேடி, 1920-க்குப் பிந்திய முதல் வருஷங்களில், ஸ்ரீமான் அய்ய நாடார் அவர்களும் ஸ்ரீமான் சண்முக நாடார் அவர்களும் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் நாடிச் சென்றது உத்தியோகத்தை அன்று. தீப்பெட்டி செய்யும் வித்தையை. பாஷை தெரியாத ஊரில் மாதக்கணக்கில் தங்கி, அத்தொழிலைக் கையினால் செய்து கற்றுக்கொண்டு, 1923-ல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. அதனால் அச்சுத்தொழில் வளர்ந்தது. வெடிமருந்தின் பழக்கத்தால் பட்டாசுத்தொழில் வளர்ந்தது. இன்று இந்தியாவின் பட்டாசில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இவ்வட்டாரத்தினது என்று சொல்லப்படுகின்றது. எல்லோரும் முதலாளியாக வேண்டுமென்பதற்காக நாம் இதனைச் சொல்லவில்லை. வேலையில்லாத காலத்தில் அவர்கள் முதலில் தேடியது வித்தை. அதனைத் தொடர்ந்து வேலை தானே வந்தது. அந்த வரிசையை நாம் தலைகீழாக்கி, வேலை முதலில் கிடைக்கட்டும், வித்தையைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்கிறோம்.

வித்தை கற்பதற்கு இந்நாளில் கல்கத்தா போக வேண்டியதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 1961-ம் வருஷத்துப் பழகுநர் சட்டப்படி ஆலைகளில் உதவித்தொகையுடன் பழகிச் சான்றிதழ் பெறலாம். சர்க்கார் 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கலாசாலைப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கப்படுகின்றது. ஆயினும் பழகுநர் வேலையென்றால் சம்பளம் குறைவென்று முகஞ்சுளித்து, வீட்டில் சும்மா இருப்பதை மேலென்று எண்ணும் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். சும்மா இருந்த இரண்டு வருஷத்தை எந்த மனுவிலும் எழுதிக் காட்ட முடியாது.

இரண்டாவது பிழை, ஒரே கதவின் முன் நின்று வயதைக் கழிப்பது. தேர்வாணையத் தேர்வை நாம் குறை கூறவில்லை. நான்காம் தொகுதித் தேர்வில் 200 கேள்விகள்; அவற்றில் 100 தமிழ். பத்தாம் வகுப்புத் தேறியவர் எழுதலாம். நேர்முகத் தேர்வு கிடையாது. ஏழைப் பிள்ளைக்கு இதனினும் நேர்மையான வழி அரிது. ஆனால் ஓர் இடத்திற்கு இருநூறு பேர் நிற்கும்போது, நன்றாகப் படித்தவர்களிலும் பெரும்பாலோர்க்கு அது கிடைக்காது என்பது கணக்கு. இது யாருடைய குற்றமும் அன்று. ஆகையால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, இத்தனை முயற்சி, இத்தனை வருஷம் என்று தானும் பெற்றோரும் கூடியிருந்து முன்னதாகவே வரையறுத்துக் கொள்ள வேண்டும். அவ்வருஷங்களிலும் பகலில் ஒரு வேலையில் இருந்துகொண்டு காலையிலும் இரவிலும் படிப்பதே உத்தமம். முப்பது வயதில் தேர்வும் கைவிட்டு, அநுபவமும் இல்லாமல் நிற்கும் பிள்ளையின் துக்கம் பெரியது. அதனைக் காணும் தாயின் துக்கம் அதனினும் பெரியது.

மூன்றாவது, சிபார்சை நம்புவது. இங்கேதான் நமது சொந்தப் பிழையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் நமக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். ஓர் அச்சகத்தில் இயந்திரத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, "அண்ணாச்சி ஒரு கடிதம் கொடுத்தால் போதும்" என்றார். அந்த அச்சகத்தாரும் நமக்கு வேண்டியவர். பையன் ஆப்செட் இயந்திரத்தின் அருகே நின்று பார்த்திருந்தானே தவிர, தானாக ஓட்டியதில்லை. அது நமக்குத் தெரியும். தெரிந்தும், "இயந்திரம் நன்கு அறிந்தவன்" என்று எழுதிக் கையொப்பமிட்டோம். உறவினர் முகத்தைப் பார்த்து எழுதிய கடிதம் அது.

ஆடிப் பதினெட்டன்று காலண்டர் ஆல்பம் வெளியிட்டு, அதன் பின் இரவு பகலாக வேலை நடப்பது சிவகாசியின் வழக்கம் அல்லவா? அந்தச் சமயத்தில் பையன் கையில் இயந்திரம் கொடுக்கப்பட்டது. வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் ஓர் இரவு முழுதும் ஓடிய தாள்கள் அனைத்தும் கழிவாயின. பையன் அவமானத்தால் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அச்சகத்தார் நம்மிடம் கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்குப் பிறகு நமது கடிதத்தோடு போன மூன்று பிள்ளைகளை, கடிதத்தைப் பிரித்துப் பாராமலே திருப்பியனுப்பினார். அம்மூவரும் வேலை நன்கு தெரிந்தவர்கள்.

அவர்களில் ஒருவன், குடும்பக் கஷ்டம் தாங்காமல், தீபாவளிக்கு முன் ஒரு வீட்டில் கருந்திரி சுற்றும் வேலைக்குப் போனான். லைசென்ஸ் இல்லாத இடத்தில் அது சட்டவிரோதம் என்பதும், ஒரு பொறி போதும் என்பதும் இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். இரண்டு கைகளிலும் தீப்பட்டு இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நாம் பார்க்கப் போனபோது அவன் தாயார் நம்மைக் குறையாக ஒன்றும் சொல்லாமல், உட்கார முக்காலி எடுத்துப் போட்டார்கள். அந்த முக்காலியில் உட்கார நமக்கு மனம் வரவில்லை.

அன்றுமுதல் நாம் அறிந்தது இது: பொய்ச் சிபார்சு ஒருவனுக்குச் செய்யும் உபகாரம் அன்று, பின்னால் வரும் அநேகருக்குச் செய்யும் அபகாரம். நம்மவர் ஆலையாயிற்றே, நம்மவன் பையனாயிற்றே என்று வாதிப்பதில் பயனில்லை. ஆலையில் பல சமூகத்தாரும் அருகருகே இருந்து உழைக்கின்றனர். அங்கே வேலை தெரிந்த கைக்குத்தான் மதிப்பு. முதலில் போன அந்தப் பையனும், பின்னர் வேறோர் அச்சகத்தில் உதவியாளாகச் சேர்ந்து இரண்டு வருஷம் பழகி, இன்று நன்றாகவே இயந்திரம் ஓட்டுகிறான். நமது கடிதம் அவனுக்குக் கொடுக்க முடியாததை அந்த இரண்டு வருஷம் கொடுத்தது.

நான்காவது பிழை எல்லாவற்றிலும் கொடியது. அது வேலைக்காகப் பணம் கொடுப்பது. நகையை அடகு வைத்தும், மகள் கலியாணத்துக்கு வைத்திருந்ததை எடுத்தும் தரகர் கையில் கொடுக்கும் வீடுகள் நம்மிடையே இல்லையென்று யாரும் மார்தட்ட முடியாது. தேர்வாணையத்தில் நிரந்தரப் பதிவுக்குக் கட்டணம் 150 ரூபாய். நான்காம் தொகுதித் தேர்வுக்கு 100 ரூபாய். இதற்கு மேல் எவன் எத்தனை லட்சம் கேட்டாலும் அது உங்கள் பணத்துக்கு வைத்த வலையென்று அறியுங்கள். நேர்முகமே இல்லாத தேர்வில் செல்வாக்கு எந்த வழியாக நுழையும்?

நுழைத்துப் பார்த்தவர்களின் கதியையும் கேளுங்கள். 2019-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி நடந்த நான்காம் தொகுதித் தேர்வில், இராமேசுவரம், கீழக்கரை மையங்களில், சிறிது நேரத்தில் மறைந்து போகும் மையினால் விடை குறித்து, பின்னர் தரகரைக் கொண்டு சரியான விடை நிரப்பச் செய்த மோசடி வெளிப்பட்டது. 2020 ஜனவரியில் தேர்வாணையத்தார் 99 பேரை ஆயுள் முழுவதும் தேர்வெழுதக் கூடாதென்று தடுத்தனர். வழக்குகளும் கைதுகளும் தொடர்ந்தன. எழுதிய மை மறைந்தது. பெயரில் பட்ட கறை மறையவில்லை.

கடல் கடந்த உத்தியோகமும் அவ்வாறே. தாய்லாந்தில் கணினி வேலையென்று சொல்லி அழைத்துப்போகப்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் 2022-ல் மியான்மர் நாட்டு மியாவாடியில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் இணைய மோசடி வேலை செய்யும்படி வதைக்கப்பட்டனர். சர்க்கார் முயற்சியால் சிலர் மீண்டு வந்தனர். அயல்நாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும். அவர் பெயர் இ-மைகிரேட் தளத்தில் உண்டா என்று முதலில் பாருங்கள். அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்துக்கும் 30,000 ரூபாயும் வரியும் என்று எல்லை உண்டு. தமிழ்நாட்டு சர்க்காரே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருந்து வருகின்றது. சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு மாற்றிக் கொள்ளலாம் என்பவனை வாசலோடு அனுப்பி விடுங்கள். கைப்பேசியில் "வேலை கிடைத்துவிட்டது, முன்பணம் அனுப்பு" என்று செய்தி வந்து பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் அப்போதே 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள். ஆழமறியாமல் காலை விடாதே என்று பெரியோர் சொன்னது கிணற்றுக்கு மட்டும் அன்று.

ஐந்தாவது, காகித விஷயம். இது சிறியதாகத் தோன்றும். ஆனால் இதனால் இழந்த வேலைகள் அநேகம். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து ஒன்று, ஆதாரில் இரண்டு, வங்கிக் கணக்கில் தகப்பனார் பெயர் முழுதும் என்று ஒரே பிள்ளை மூன்று பெயரோடு திரிகிறான். எல்லாவற்றிலும் ஒரே எழுத்து, ஒரே பிறந்த தேதி இருக்குமாறு இப்பொழுதே திருத்திக் கொள்ளுங்கள். அழைப்பு வந்தபின் ஓடினால் ஆகாது. சாதிச் சான்றிதழும் முன்னதாகவே வாங்கி வைக்கத் தக்கது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்க மறவாதீர்கள்.

மனு எழுதும்போது, ஒரே மனுவை நூறு பேருக்கு அனுப்புவதைவிட, பத்து ஸ்தாபனங்களை விசாரித்து, ஒவ்வொன்றின் தேவைக்கும் ஏற்பப் பத்து மனு எழுதுவது பலன் தரும். அச்சகத்துக்குப் போகும் மனுவில் அச்சுவேலை அநுபவம் முதலில் நிற்க வேண்டும். கணக்கு வேலைக்குப் போவதில் கணக்கு முதலில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் போதும். இரண்டுக்கு மேற்பட வேண்டாம். செய்யாததைச் செய்ததாக ஒரு வரியும் எழுதாதீர்கள். நேரில் கேட்கும் முதல் கேள்வியிலேயே அது அவிழ்ந்து விடும். விளையாட்டாகப் பெயர் வைத்த மின்னஞ்சல் முகவரியையும், அழைத்தால் எடுக்காத கைப்பேசி எண்ணையும் கொடுப்பது, கதவைத் தாழிட்டுக்கொண்டு விருந்தாளியை அழைப்பதற்கு ஒப்பாகும். மூலச் சான்றிதழ்களைக் காட்டுங்கள். யாரிடமும் விட்டு வராதீர்கள். நகல் கொடுத்தால் போதும்.

நேர்முகத்துக்குப் போகுமுன் அந்த ஸ்தாபனம் என்ன செய்கிறது என்று அறிந்து செல்வது மரியாதை. தெரியாததைக் கேட்டால், "தெரியாது ஐயா, கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்வதில் இழிவில்லை. சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, ஈ.எஸ்.ஐ.யும் வருங்கால வைப்பு நிதியும் உண்டா என்று முடிவில் பணிவோடு கேட்கவும் வேண்டும். கேட்பது துடுக்கு என்று கருதிச் சேர்ந்து, முதல் மாதச் சம்பளத்தன்று சண்டையிட்டு வெளியேறுவது நம் பிள்ளைகளிடம் காணும் வழக்கமாகி விட்டது. விலகுவதானாலும் முன்கூட்டிச் சொல்லி, செய்துகொண்டிருந்த வேலையை முடித்துக் கொடுத்து விலகுங்கள். சிவகாசி சிறிய ஊர். நாளைக்கு அவரிடமே வேறொரு காரியமாக நிற்க நேரும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்மக்களைக் கலாசாலைக்கு அனுப்பிப் பட்டம் பெறச் செய்துவிட்டு, "விருதுநகருக்கு அப்பால் வேலையானால் வேண்டாம்" என்று தடுப்பது, விதைத்து வளர்த்த பயிரை அறுக்காமல் விடுவதாகும். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றனர் என்று கணக்குகள் சொல்லுகின்றன. வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று சர்க்கார் தோழி விடுதிகள் நடத்துகின்றனர். விடுதியையும் வேலையிடத்தையும் தாயார் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து மனந்தெளிந்து அனுப்பட்டும். இவ்வூரில் தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசு சுற்றியும் குடும்பத்தைத் தாங்கியவர்கள் பெண்களே அல்லவா? அவர்கள் பேத்திகளுக்குத் தூரத்தைக் காட்டிப் பயமுறுத்துவது நியாயமன்று.

இறுதியாக, உறவின்முறையாருக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் மூன்று. முதலாவது, சிபார்சுக் கடிதம் கேட்டு வரும் பிள்ளையை, அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் முன் நிறுத்திச் சோதித்த பிறகே கடிதம் கொடுக்க வேண்டும். தெரிந்ததை மட்டும் அதில் எழுத வேண்டும். "புதியவன், ஆனால் உழைப்பாளி" என்ற உண்மைக் கடிதத்துக்கும் மதிப்பு உண்டு. இரண்டாவது, நம்மவர் கடைகளிலும் ஆலைகளிலும் அச்சகங்களிலும் காலியாகும் வேலைகளை மாதந்தோறும் ஒரு நோட்டில் பதிந்து, மண்டபத்தில் எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். மூன்றாவது, மகமைப் பணத்தில் ஒரு பகுதியை, தொழிற்பயிற்சிக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளின் பஸ் செலவுக்கும் சாப்பாட்டுச் செலவுக்கும் ஒதுக்க வேண்டும். நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவென்று மகமை கொடுத்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். பிள்ளை படித்த பின் வேலைக்கு ஏற்றவனாவதும் அந்தத் தர்மத்தின் மிச்சமே ஆகும்.

வாலிபர்களே, காலம் கடினமானது என்பதை நாம் மறுக்கவில்லை. வேலை கிடைக்கத் தாமதமாகும். மறுப்புகளும் பல வரும். அதனால் உங்கள் யோக்கியதை குறைந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். மறுத்தவரிடமே, எதனைக் கற்றுக்கொண்டால் தம்மிடம் சேரலாம் என்று கேட்டு, அதைக் கற்றுக்கொண்டு மறுபடியும் போங்கள். ஆனால் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் இரண்டு காரியம் மட்டும் செய்யாதீர்கள்: தரகனுக்குப் பணம் கொடுக்காதீர்கள், வீட்டுக்குள் கருந்திரி சுற்றப் போகாதீர்கள். அந்த நிலைமை வருமுன் எங்களிடம் வாருங்கள். தீக்காயம் பட்ட அந்தப் பிள்ளை இப்பொழுது இதே ஊரில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறான். இன்று இந்த மண்டபத்தின் பின் வரிசையில் வந்து அமர்ந்தும் இருக்கிறான். நமது பிழையைச் சபையில் சொல்வதற்கு அவனிடம் அநுமதி கேட்டோம். "சொல்லுங்கள் அண்ணாச்சி, நாலு பேருக்கு உதவும்" என்றான்.

அவ்வாறே நாலு பேருக்கேனும் இது உதவுமாக.